வாட்டர் கூலிங் போட்ட பிறகும் கிராபிக்ஸ் கார்டின் மெமரி ஏன் கொதிக்கிறது?

கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின் மூலையில் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை 54 பாகை செல்சியஸ் என்று தெரிகிறது. கொழும்பு வெக்கைக்கு இது அருமையான எண். வாட்டர் கூலிங்குக்குச் செலவழித்த காசு வீண்போகவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த எண் கார்டின் நடுவிலுள்ள ஒரேயொரு சிப்புக்கு உரியது. அதைச் சுற்றியிருக்கும் மெமரி சிப்புகள் அதே நிமிடத்தில் 104 பாகையில் இருக்கலாம். கேமுக்குள் வரும் வெப்பநிலைப் பெட்டி பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணைக் காட்டுவதில்லை. அதனால் கார்ட் தடுமாறத் தொடங்கும்வரை யாரும் அதைத் தேடிப் பார்ப்பதும் இல்லை.

கார்டின் கூலரைக் கழற்றினால் மூன்று வகை உறுப்புகள் கண்ணில் படும். நடுவில் கண்ணாடிபோல் மின்னும் பெரிய சதுரம் ஜிபியு, அதாவது படங்களைக் கணக்கிடும் முதன்மைச் சிப். அதன் மூன்று அல்லது நான்கு பக்கங்களிலும் வரிசையாக நிற்கும் கறுப்புச் செவ்வகங்கள் மெமரி. ஒவ்வொன்றும் 14 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம். ஓரத்தில் சாம்பல் நிறக் கட்டிகளோடு நெருக்கமாக இருப்பது மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி. இதை விஆர்எம் என்பார்கள். இந்த மூன்றின் உயரமும் ஒன்றல்ல. மெமரி சூடாவது பற்றிய சிக்கலில் பெரும்பங்கு இந்த உயர வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

எல்லா மெமரியும் ஒரே அளவு சூடாவதில்லை. 2020இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளோடு வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் வகைதான் இந்தப் பேச்சையே தொடக்கிவைத்தது. மைக்ரான் நிறுவனம் என்விடியாவுக்காகத் தயாரித்த இந்த மெமரி, ஒவ்வொரு மின்துடிப்பிலும் இரண்டுக்குப் பதிலாக நான்கு மின்னழுத்த நிலைகளைப் பயன்படுத்தித் தரவை அனுப்புகிறது. வேகம் கூடியது, சூடும் கூடியது. 10 ஜிபி கொண்ட 3080இல் பத்துச் சிப்புகள், எல்லாம் முன்பக்கத்தில். 3090இல் 24 ஜிபி. ஒரு சிப்புக்கு 1 ஜிபி என்பதால் 24 சிப்புகள் வேண்டியிருந்தன. முன்னால் 12, பலகையின் முதுகில் 12. பின்னர் வந்த 3090 டிஐ கார்டில் 2 ஜிபி சிப்புகள் கிடைத்ததால் பன்னிரண்டும் முன்பக்கத்துக்கே வந்துவிட்டன. பெயரில் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் குளிர்விப்பவருக்கு இரண்டும் வெவ்வேறு வேலை.

சூடு ஏறினால் என்ன நடக்கும்? மெமரிச் சிப்பின் ஒவ்வொரு கலத்திலும் ஒரு சிறு மின்னேற்றம் இருக்கிறது. அது தானாகவே கசியும். சூடு கூடக் கூட விரைவாகக் கசியும். கசிவதற்குள் அதை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். ஓர் அளவுக்கு மேல் பிழைகள் எட்டிப்பார்க்கும். ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் பழுதாக வந்த தரவைக் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்கும் ஏற்பாடு உண்டு. ஆகவே முதல் அறிகுறி கணினி நின்றுபோவதாக இராது. காரணமில்லாமல் வேகம் குறையும். 110 பாகையை எட்டும்போது கார்ட் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் திரையில் வண்ணச் சதுரங்கள், கறுப்புத் திரை, கார்டை இயக்கும் ட்ரைவர் மென்பொருள் விழுந்து எழுவது என்று வரும். 110 வரை தாங்கும் என்பதற்காக 108இல் நாள் முழுக்க ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிப்புக்கும் அதைப் பலகையோடு இணைக்கும் ஈயத்துக்கும் அந்தச் சூடு வயதைக் கூட்டும்.

கேம் ஆடுபவர்களைவிட, வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தலையிடி. 24 ஜிபி இருப்பதால் பழைய 3090 கார்டுகளுக்கு இப்போதும் மவுசு குறையவில்லை. ஒரு மொழி மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் மெமரியில் இருக்கும் மாதிரியைக் கிட்டத்தட்ட முழுதாகப் படித்து முடிக்க வேண்டும். 3090 நொடிக்கு 936 ஜிபி படிக்கக்கூடியது. அந்த வேகத்தின் பெரும்பகுதி மணிக்கணக்காகப் பயன்படும். ஜிபியு 48 பாகையில் பாதி ஓய்வாக இருக்கும், மெமரி மட்டும் 100ஐத் தாண்டும். ஜிபியு குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மென்பொருள் ஃபேன்களையும் மெதுவாக்கிவிடும்.

இடையிலுள்ள அந்த ஒரு மில்லிமீற்றர்

ஜிபியுவின் மேல் வாட்டர் பிளாக்கின், அதாவது உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துப்போகும் கட்டியின், செம்பு நேராக உட்காருகிறது. நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை மெல்லிய படலமாக மட்டுமே இருக்கும். மெமரிச் சிப்போ ஜிபியுவைவிடத் தாழ்ந்திருக்கிறது. பிளாக்குக்கும் அதற்கும் நடுவே பொதுவாக அரை மில்லிமீற்றரிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் வரை இடைவெளி இருக்கும். அதை நிரப்பத்தான் தெர்மல் பேட் என்ற மெத்தென்ற பட்டை. பேஸ்டை அள்ளி அப்பி இந்த இடைவெளியை அடைக்க முடியாது. சூடேறியதும் அது வழிந்து ஒதுங்கி, உள்ளே வெற்றிடம் விழும்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மிச்சம் எல்லாம் இதிலிருந்தே விளங்கும். சூடு ஒரு பொருளைக் கடக்கும்போது ஏற்படும் தடை, அந்தப் பொருளின் தடிப்பை அதன் வெப்பக் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் வரும். சிப்பின் பரப்பு 168 சதுர மி.மீ. கடத்துதிறன் 6 (பெட்டியில் W/mK என்று இருக்கும்) கொண்ட 1 மி.மீ. பேட்டை வைத்தால், ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை. சிப் 3 வாட் வெளியிடுகிறது என்று வைத்துக்கொண்டால், பேட்டின் இரு பக்கத்துக்கும் இடையே 3 பாகைதான் வித்தியாசம். கடத்துதிறன் 3 மட்டுமே உள்ள 2 மி.மீ. பேட் என்றால் 12 பாகை.

இப்போது பேட் சற்று மெலிதாகிப் போய், 0.2 மி.மீ. அளவுக்கு வெறும் வளி இடையில் நின்றுவிட்டது என்று வையுங்கள். வளியின் கடத்துதிறன் 0.026. கணக்கு ஒரு வாட்டுக்கு 46 பாகை என்று வரும். 3 வாட்டுக்கு 137 பாகை. சூட்டில் ஒரு பகுதி சிப்பின் அடியிலிருந்து பலகைக்கும் இறங்குவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் அந்தச் சிப் 110ஐத் தொட இது தாராளமாகப் போதும்.

பேட் வாங்கும்போது எல்லோரும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கடத்துதிறன் எண்ணையே பார்க்கிறார்கள். 6க்கும் 12க்கும் நடுவே கிடைக்கப்போவது ஒன்றரைப் பாகை. பேட் தொடுகிறதா, தொடவில்லையா என்பதில் இருப்பது ஐம்பது பாகை. மலிவான பேட்டுகளின் பெட்டியில் உள்ள எண்ணை நம்பவும் முடியாது. எங்கள் தெரிவு: கடத்துதிறன் 6 அளவில், விரலால் அமுக்கினால் இலகுவாக அமுங்கும் மென்மையான பேட். அதிக எண் போட்ட பேட்டுகளில் பல இறப்பர்போல் விறைப்பானவை. அவை அமுங்காமல் பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். மெமரி குளிரும், ஜிபியுவுக்கும் செம்புக்கும் நடுவே இடைவெளி விழும்.

எந்த பிளாக்?

முழுக் கார்டையும் மூடும் பிளாக்கில் ஜிபியு, மெமரி, விஆர்எம் மூன்றும் ஒரே செம்புத் தகட்டோடு சேரும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது கார்டின் பெயரை அல்ல, பலகையின் வடிவத்தை. ஆர்டிஎக்ஸ் 3080 என்ற ஒரே பெயரில் பல நிறுவனங்கள் பல வடிவப் பலகைகளைச் செய்திருக்கின்றன. ஒன்றுக்குச் செய்த பிளாக் மற்றதில் உட்காராது, அல்லது உட்கார்ந்ததுபோல் காட்டி ஏதோ ஒரு கொண்டென்சரில் முட்டி நிற்கும். பிளாக் தயாரித்தவரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் கார்டின் முழு மாதிரி எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கத்துக் கடைகளில் பேட், பேஸ்ட், ஃபேன் எல்லாம் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பலகைக்கான பிளாக்கை மட்டும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டி வரலாம், அதனால் மாதிரி எண்ணைத் தவறாகச் சொல்லிவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு கையைக் கடிக்கும்.

ஜிபியுவின் மேல் மட்டும் உட்காரும் சிறிய பிளாக்கும் உண்டு. ப்ரொசெசருக்கான ரெடிமேட் வாட்டர் கூலரை ஒரு தாங்கி வைத்து ஜிபியுவில் பொருத்துவதும் இதே வகைதான். மலிவு, அடுத்த கார்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கார்டோடு வந்த கூலரின் ஃபேன்கள் போய்விட்டதால் மெமரிக்கு இருந்த காற்றும் போய்விடும். ஒவ்வொரு மெமரிச் சிப்பிலும் சூட்டைக் காற்றுக்கு விடும் சிறிய அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டி, அதன்மேல் நேராகக் காற்றடிக்க ஒரு ஃபேன் வைத்தால்தான் இது சரிவரும். ஹீட்சிங்கோடு வரும் இருபக்கப் பசைப் பட்டை சூட்டில் இளகும். கார்ட் படுத்த நிலையில் தொங்குவதால் ஹீட்சிங்க் கழன்று கீழே விழும். விழுந்த இடத்தில் மின்முனைகள் இருந்தால் குறுஞ்சுற்று ஆகிவிடும். அவ்வளவு சூடாகாத ஜிடிடிஆர்6 மெமரி உள்ள கார்டுக்கு இந்த வழி போதும். ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பேட் ஒட்டும் வேலை

பிளாக்கோடு வரும் கையேட்டில் எந்த இடத்துக்கு எத்தனை மி.மீ. பேட் என்று படம் இருக்கும். அதுதான் வேதவாக்கு. கார்டின் பழைய கூலரில் இருந்த பேட்டை அளந்து அதே தடிப்பில் வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. பழைய கூலரின் உயரம் வேறு, பிளாக்கின் உயரம் வேறு.

கையேடு இல்லாத பழைய பிளாக் என்றால் இடைவெளியை நீங்களே அளக்கலாம். சிறுவர்கள் விளையாடும் களிமண்ணை மூன்று நான்கு மெமரிச் சிப்புகளின் மேல் சிறிது வையுங்கள். ஒட்டாமல் இருக்கச் சமையலறை பிளாஸ்டிக் படலத்தை அதன்மேல் விரியுங்கள். ஜிபியுவுக்கும் பிளாக்குக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. பிளாக்கை வைத்து ஸ்க்ரூக்களை முறையாக இறுக்கிப் பிறகு கழற்றி, தட்டையான களிமண்ணின் தடிப்பை வேர்ணியர் இடுக்கியால் அளக்க வேண்டும். 0.8 என்று வந்தால் 1 மி.மீ. பேட், 1.2 என்று வந்தால் மென்மையான 1.5. இடைவெளியைவிடச் சற்றுத் தடித்த பேட்தான் அமுங்கி இரு பக்கமும் ஒட்டும். சரிக்குச் சரி அளவில் வைத்தால் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

85க்கு 45 மி.மீ. அளவில் வரும் ஒரு பேட் தகட்டை 14 மி.மீ. பட்டைகள் மூன்றாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் 12 மி.மீ. துண்டுகளாக்கினால் 21 துண்டுகள் கிடைக்கும். 3080க்கு ஒரு தகடு போதும், விஆர்எம்முக்கு வேறு தடிப்புக் கேட்டால் அதற்கொரு தகடு. 3090க்கு மெமரிக்கே இரண்டு வேண்டும். கழற்றிப் பார்க்கும்போது சில துண்டுகள் கிழியும். அதனால் எப்போதும் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பழைய பேட்டின் மிச்சத்தைப் பாவித்து முடிந்த வங்கி அட்டை ஒன்றின் விளிம்பால் வழித்தெடுங்கள், உலோகக் கத்தி வேண்டாம். சிப்பின் ஓரங்களில் கடுகளவு உறுப்புகள் இருக்கின்றன, ஒன்று பெயர்ந்தாலும் கார்ட் போச்சு. பிறகு ஐசோப்ரோபைல் அல்ககோலால் துடைக்க வேண்டும். பாமசியில் கிடைப்பது பெரும்பாலும் 70 வீதம், மிச்சம் தண்ணீர். அதையும் பயன்படுத்தலாம், நன்றாகக் காயவிடுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வைப்பது நல்லது.

துண்டுகளைச் சிப்பின் மேல் வைக்கும்போது பேட்டின் இரு பக்கமும் பாதுகாப்புப் படலம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒரு பக்கம் நீலம் அல்லது வரிபோட்ட பிளாஸ்டிக், உடனே தெரியும். மறுபக்கம் தெளிவானது, நகத்தால் கிளறினால்தான் அகப்படும். அதை உரிக்காமல் பொருத்திய கார்டுகளில் ஜிபியு நன்றாகவே இருக்கும், மெமரி மட்டும் எகிறும். இது அனுபவமுள்ளவர்களுக்கும் நடக்கிறது. துண்டுகளை ஒட்டிவிட்டு, உரித்த படலங்களை மேசையில் வரிசையாக வைத்து எண்ணிப் பாருங்கள்: 12 துண்டென்றால் 24 படலம். பட்டையாக உரித்த பிறகு வெட்டினீர்களென்றால் பட்டைக்கு இரண்டு.

ஜிபியுவில் பேஸ்ட் போட்டு, பிளாக்கை மேலிருந்து நேராக இறக்குங்கள். வைத்தபின் பக்கவாட்டில் நகர்த்தினால் பேட்டுகள் சுருண்டு மடியும். முதலில் ஜிபியுவைச் சுற்றியுள்ள நான்கு ஸ்க்ரூக்கள், எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று மட்டும். நான்கும் நின்ற பிறகே ஓரத்து ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூ தானாக நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் பலகைதான் வளையும்.

இனித்தான் பலர் தவிர்த்துவிடும் வேலை: உடனே கழற்றுங்கள். ஒவ்வொரு மெமரித் துண்டிலும் சிப்பின் செவ்வக வடிவம் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். பாதி மட்டும் பதிந்திருந்தால் பிளாக் சாய்ந்திருக்கிறது. ஒன்றுமே பதியவில்லையென்றால் பேட் மெலிது. ஜிபியுவில் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவாமல் திட்டாக நின்றால் எங்கோ ஒரு பேட் தடித்துவிட்டது. பெரும்பாலும் விஆர்எம் பக்கம்தான் குற்றவாளி. சரியென்றால் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டுப் பொருத்துங்கள். இந்த இருபது நிமிடத்தை இப்போது செலவிடாவிட்டால், பிறகு தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தெர்மல் புட்டி என்ற பிசினும் கிடைக்கிறது. இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் அதற்கேற்ப நசுங்கிக்கொள்வதால் தடிப்புக் கணக்கே தேவையில்லை, ஜிபியுவைத் தூக்கிப் பிடிக்கும் பயமும் இல்லை. 1 மி.மீ. இடைவெளிக்கு ஒரு சிப்புக்கு 7 அல்லது 8 மி.மீ. விட்டமுள்ள உருண்டை, அதாவது ஒரு கொண்டல்கடலை அளவு. கழற்றும்போது கையெல்லாம் அப்பும், துடைக்க நேரமெடுக்கும். அளந்து அளந்து குழம்புகிறவர்கள் புட்டியையே எடுங்கள், முதன்முறை செய்பவருக்கு அது பாதுகாப்பானது.

முதுகுப் பக்கம்

3090இன் முதுகிலுள்ள பன்னிரண்டு சிப்புகளுக்கும் முன்பக்கத்து வாட்டர் பிளாக்கால் நேரடிப் பயன் இல்லை. அவற்றின் சூடு பேட் வழியாக பேக்பிளேட் என்ற முதுகுத் தகட்டுக்குப் போய், அங்கிருந்து கணினிப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குப் போக வேண்டும். காற்றுக் கூலர் இருந்த காலத்தில் கார்டின் ஃபேன்கள் பெட்டிக்குள் காற்றைக் கொஞ்சமாவது அசைத்துக்கொண்டிருந்தன. வாட்டர் கூலிங்குக்கு மாறியதும் அந்த அசைவு நின்றுவிடுகிறது. ஜிபியு 80இலிருந்து 54க்கு இறங்கியிருக்கும், முதுகு மெமரி முன்பைவிடக் கூடியிருக்கும்.

தகடு பிளாஸ்டிக்கா உலோகமா என்று முதலில் பாருங்கள். சில கார்டுகளில் அழகுக்கென்று பிளாஸ்டிக் தகடு வருகிறது, அது போர்வை போட்டு மூடியதற்குச் சமம். பிளாக் தயாரிப்பவரின் அலுமினியத் தகடு கிடைத்தால் அதற்கு மாற்றுங்கள். உலோகத் தகடு இருந்தாலும் சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே பேட் இருக்கிறதா என்பதைச் சரிபாருங்கள். அடுத்து, தகட்டின் மேல் மெமரி இருக்கும் பகுதியில் துடுப்புகளுள்ள ஓர் அலுமினிய ஹீட்சிங்கை 0.5 மி.மீ. பேட்டோடு வையுங்கள். அதன்மேல் 120 மி.மீ. ஃபேன் ஒன்றை மெதுவான வேகத்தில் நேராக ஊதவிடுங்கள். பத்துப் பாகைக்குக் குறையாமல் இறங்குவது சாதாரணம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரோனிக்ஸ் உதிரிப்பாகக் கடைகளில் இப்படியான ஹீட்சிங்குகளைத் தேடலாம். பழைய ஆம்ப்ளிஃபையரில் கழற்றியதானாலும் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் போதும். தகட்டுக்குள்ளும் தண்ணீர் ஓடும் இருபக்க பிளாக்குகளும் உண்டு. 3090ஐ நாள் முழுக்க உழைக்கவைப்பவருக்கு அந்தச் செலவு தகும்.

இன்னொரு எளிய வழி வேகத்தைக் குறைப்பது. 3090இன் மெமரி வேகத்தை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் 9751 மெகாஹேர்ட்ஸ் என்று காட்டும். அதிலிருந்து 500 குறைத்தால் இழப்பது ஐந்து வீதம். ஜிபியுவின் மின்வரம்பைக் குறைப்பது பலகை முழுவதன் சூட்டையும் கொஞ்சம் தணிக்குமே தவிர, மெமரிக்கு நேரடியாகப் பெரிதாக உதவாது.

கொழும்பின் வெக்கையும் உப்புக்காற்றும்

தண்ணீரின் சூட்டைக் காற்றுக்கு விடும் ரேடியேட்டரால் தண்ணீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நன்றாக அமைத்த தண்ணீர்ச் சுற்றில், முழுச் சுமையில், தண்ணீர் அறையைவிட 10 பாகை அளவு கூடுதலாக நிற்கும். 21 பாகை அறையில் எடுத்த வெளிநாட்டுப் பரிசோதனை எண்களை இங்கே அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஏசி இல்லாத கொழும்பு அறை பகலில் 31 என்றால், எல்லா எண்ணோடும் 10ஐக் கூட்டுங்கள். தண்ணீர் 41 அல்லது 42. அதன்மேல் பிளாக், பேட், சிப்பின் உட்புறம் என்று கூட்டிக்கொண்டே போனால் முன்பக்க மெமரி 60இலிருந்து 75க்குள் வருவது நல்ல வேலைக்கு அடையாளம். மார்ச், ஏப்ரலில் இன்னும் இரண்டு மூன்று ஏறும்.

350 வாட் கார்டும் 125 வாட் ப்ரொசெசரும் உள்ள கணினிக்கு, ஏசி இல்லாத அறையில், 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றும் 240 ஒன்றும் வையுங்கள். தண்ணீர் 50ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் வகைக் குழாய்கள் 60ஐ நெருங்கும்போது இளகத் தொடங்கி, இணைப்பிலிருந்து நழுவும். ஃபேன் வேகத்தைத் தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்ப மாறவிடுங்கள். சுற்றில் ஒரு வெப்ப உணரியைப் பொருத்தி மதர்போர்டில் செருகினால் போதும். எந்த உறுப்புக்குப் பிறகு எது என்ற வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 1 லீற்றர் ஓடினால், 350 வாட்டைச் சுமந்து வெளியேறும் தண்ணீர் உள்ளே போனதைவிட 5 பாகைதான் கூடியிருக்கும்.

வெள்ளவத்தை, தெகிவளை, பம்பலப்பிட்டி என்று கடலோரமாக இருப்பவர்களுக்கு ஒன்று. உப்புக்காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் தூசு ஒட்டி, ரேடியேட்டரின் துடுப்புகளுக்கு நடுவே பிசுபிசுப்பான படலமாகிவிடும். வெளியே பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும் அடியில் படிந்திருப்பது. தூசு தடுக்கும் வலைக்கு மாதம் ஒருமுறையும் துடுப்புகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் இதழ்களைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே கணினியை வைக்காமலிருப்பது இன்னும் நல்லது.

சுற்றில் ஊற்ற, பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்த ரெடிமேட் கூலன்ட் சிறந்தது. காய்ச்சி வடித்த நீரை வாங்குவதானால் கார் பட்டறிக்கு விற்கும் நீர் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கும். போத்தலைப் படித்து வாங்குங்கள்: பட்டறி அமிலமும் அதேபோன்ற போத்தலில் பக்கத்திலேயே இருக்கும். வெறும் நீர் மட்டும் ஊற்றினால் இந்தச் சூட்டில் பாசி பிடிக்கும், அதற்கான துளிமருந்தும் அரிப்புத் தடுப்பியும் சேர்க்க வேண்டும். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள். அலுமினியம் அரிக்கப்பட்டு, அந்தத் துகள்கள் பிளாக்கின் நுண்ணிய வாய்க்கால்களை அடைக்கும்.

தண்ணீரைக் குளிர்பெட்டி வைத்து இன்னும் குளிராக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொழும்பில் பனிபடு நிலை பெரும்பாலும் 23இலிருந்து 25 பாகைக்குள் இருக்கிறது. அதற்குக் கீழே போன எந்தக் குழாயிலும் பிளாக்கிலும் ஈரம் வியர்த்து, மெமரிச் சிப்புகளின் மேலேயே வடியும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அளந்து பார்ப்பது

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பகுதியில் மெமரி ஜங்ஷன் வெப்பநிலை என்று ஒரு வரி வரும். ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் அது இருக்கும். 3060, 3070 போன்ற ஜிடிடிஆர்6 கார்டுகளில் இருக்காது. அவற்றுக்கு, மல்டிமீற்றரோடு வரும் வெப்பமுனையைச் சிப்புக்கு நேர் பின்னால் பலகையில் சூடு தாங்கும் டேப்பால் ஒட்டிப் பார்க்கலாம். சிப்பின் உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு மானியை மின்னும் உலோகத்தில் பிடித்தால் பிழையான எண் காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், அரை மணி நேரமாவது வேண்டும். ஓசிசிடி மென்பொருளில் மெமரிக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அறையின் வெப்பநிலையையும் தண்ணீரினதையும் பக்கத்தில் குறித்து வைத்தால்தான் அடுத்த மாத எண்ணோடு ஒப்பிட முடியும்.

மெமரி 80க்குக் கீழே என்றால் கவலையில்லை. 80க்கும் 95க்கும் நடுவே, 3090இன் முதுகு என்றால் ஏற்றுக்கொள்ளலாம், முன்பக்கச் சிப் மட்டுமே உள்ள கார்டில் இது சந்தேகத்துக்குரியது. 100ஐத் தாண்டினால் திறந்து பார்க்க வேண்டும். அந்த வரி காட்டுவது எல்லாவற்றிலும் சூடான சிப்பை. ஆகவே பதினொரு துண்டு சரியாக இருந்து ஒன்று மட்டும் மடிந்திருந்தாலும் எண் எகிறும். மெமரி நன்றாக இருந்து, ஜிபியுவின் சராசரிக்கும் அதன் மிகச் சூடான புள்ளிக்கும் இடையே 20 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால், பேட் தடித்து பிளாக் தூக்கி நிற்கிறது. இரண்டும் ஒன்றாக மெல்ல மெல்ல ஏறினால் பேட்டை விட்டுவிட்டு ரேடியேட்டரையும் பம்பையும் பாருங்கள்.

பாவித்த கார்ட் வாங்குபவர்கள், பிளாக் போடாவிட்டாலும்கூட, முதல் வேலையாக பேட்டுகளை மாற்றிவிடுங்கள். 2022 செப்டெம்பரில், எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் ஈட்டும் சுரங்க வேலை முடிவுக்கு வந்தபோது சந்தைக்கு வந்த 30 வரிசைக் கார்டுகளில் பல, மாதக்கணக்காக மெமரியை முழுவேகத்தில் ஓட்டியவை. அவற்றின் பேட்டுகள் எண்ணெய் கசிந்து காய்ந்து, தொட்டால் பொடியாக உதிரும். பலகையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம், சிலிக்கோன் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, அல்ககோலால் துடைத்தால் போகும். சிப்பின் ஓரத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது எண்ணெய் அல்ல, ஈரமும் உப்பும் பட்ட அரிப்பு. அப்படியான கார்டுக்கு பிளாக் வாங்கிச் செலவழிக்க வேண்டாம்.